மிக்-21 மாடலும் ஐப்பசி ஈரமும்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தஞ்சாவூர் சுகோய் போர் விமானங்கள் பறப்பதைப் பார்த்து ஆசை வந்து, 1/72 அளவில் மிக்-21 பிளாஸ்டிக் கிட் வாங்கி ஐப்பசியில் கட்டினேன். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காருகிறது. விமானி அறையின் கண்ணாடி மூடி உள்ளே வெளுத்துவிட்டது. கடைசியாக அடித்த வார்னிஷும் வெள்ளை பூத்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?"

முடியும். சுகோயை விட்டு மிக்கில் தொடங்கியதும் நல்லதுதான். இந்த அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கில், சுகோயின் இறக்கை அகலம் 20 செ.மீ. வரும், மிக்-21-க்கு 10 செ.மீ.தான். 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை நம் விமானப்படையில் இருந்த விமானம், மூன்று சக்கரத்திலும் ஒழுங்காக நிற்க வேண்டாமா?

வால் கனத்துப்போக, மூக்கில் எடை வைக்காததுதான் காரணம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். இப்போதும் வழி இருக்கிறது. காற்று நுழையும் வாயிலுள்ள கூம்பு கழன்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் முன்சக்கரக் குழிக்குள் சின்னத் துளை போடுங்கள். மீன்வலை, தூண்டில் விற்கிற கடையில் கிடைக்கும் சிறிய ஈயக்குண்டுகளை அதன் வழியே போடலாம். எவ்வளவு போடுவது? பின்சக்கரங்களை ஊன்றி வைத்து, மூக்கின் மேல் குண்டுகளை டேப்பால் ஒட்டிக்கொண்டே வாருங்கள். மூக்கு இறங்கியதும், அதற்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு சேருங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈயத்தை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டவே கூடாது. அந்தப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி உப்பி, சில வருடங்களில் மூக்கே பிளந்துவிடும். என் மாடல் ஒன்று அப்படித்தான் போனது; இன்றும் மனம் ஆறவில்லை. அரால்டைட் போன்ற எபாக்ஸி பசை போட்டு ஒட்டுங்கள். ஈயத்தைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

கண்ணாடி வெளுத்ததற்கு நீங்கள் சூப்பர் க்ளூ போட்டதுதான் காரணமாக இருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பசை. அதன் ஆவி மூடிய அறைக்குள் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியிலேயே படிந்து வெள்ளையாகிறது. ஐப்பசி ஈரத்தில் கேட்கவே வேண்டாம். மூடியை மெல்ல நெம்பி எடுத்து, பருத்தித் துணியில் துளி வெள்ளைப் பற்பசை தொட்டு உள்பக்கம் தேயுங்கள். லேசான படிவு என்றால் போய்விடும். திரும்ப ஒட்டும்போது, மூக்குக்கு ஆகாத அதே ஃபெவிகால்தான் இங்கே சரி. காய்ந்ததும் நிறமில்லாமல் தெளிந்துவிடும், பிளாஸ்டிக்கையும் கரைக்காது.

வார்னிஷ் கதையும் ஈரம்தான். வார்னிஷை இளக்கும் தின்னர் ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. சுரண்டிவிடாதீர்கள். காற்று உலர்ந்த நாளில் அதே வார்னிஷை மிக மெல்லிசாக இன்னொரு முறை அடித்தால், பழைய பூச்சு கொஞ்சம் இளகி ஈரம் வெளியேறும், வெள்ளை பெரும்பாலும் மறையும். முதலில் இறக்கையின் அடிப்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைக்க வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துபோகும்.

மழையும் மார்கழிப் பனியும் போகும்வரை வார்னிஷ் டப்பாவைத் தொடாதீர்கள். மாசியில் ஒரு நாள், காலை 11 மணிக்கு மேல், ஜன்னல்களைத் திறந்து வைத்து அடியுங்கள். அதுவரை தூசி படாமல் மாடலை ஒரு டப்பாவில் மூடி வையுங்கள்.