பள்ளி முடிகிறது, வேலையை எங்கே பழகுவது?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 75 சதவீதம். சிறப்புப் பள்ளியில் வரும் ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. அங்கேயே தொழிற்பயிற்சிப் பிரிவில் இரண்டு மூன்று வருடம் கவர் ஒட்டிப் பழகட்டும், தயாரான பிறகு வேலையைப் பார்க்கலாம் என்கிறார்கள். என் அண்ணன் இருக்கும் பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்த்துக்கொள்ள முதலாளி சம்மதிக்கிறார். மகனுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது, மணி பார்க்கத் தெரியாது, பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். இப்போதே அனுப்பலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆனால் தனியாக வேண்டாம், முழு ஷிஃப்டும் வேண்டாம்.

'தயாராகட்டும்' என்று காத்திருந்த பிள்ளைகள் பலர் முப்பது வயதிலும் கவர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் கற்றதை வேறு இடத்தில் பயன்படுத்துவதுதான் இவர்களுக்கு மிகவும் கடினம். பள்ளி மேஜையில் துண்டு மடிக்கக் கற்றவர், கம்பெனி மேஜையில் டி-ஷர்ட்டைக் கண்டதும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் எங்கே வேலையோ அங்கேயே பழக்குவதுதான் முறை. மார்க் கோல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்திலேயே, கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். பாகங்களின் ஒரு பக்கத்துக்கு நிறம் கொடுத்தபோது அவர்கள் இன்னும் விரைவாகக் கற்றார்கள். நாம் எப்படிச் சொல்லித்தருகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரோ, பயிற்சி பெற்ற ஒருவரோ முதல் மாதம் மகனுடன் கம்பெனிக்குப் போக வேண்டும். அவர் முதலில் அந்த வேலையைத் தானே இரண்டு நாள் செய்து பார்க்கட்டும். பிறகு அதை உடைத்து எழுதட்டும்: டி-ஷர்ட்டைக் குப்புற விரிப்பது, கழுத்துக்குக் கீழே அட்டையை வைப்பது, வலது கையையும் ஓரத்தையும் மடிப்பது, இடதும் அப்படியே, கீழ்ப்பகுதியை மேலே மடிப்பது, திருப்புவது, பாலி கவருக்குள் விடுவது, பசைப்பட்டையை உரித்து ஒட்டுவது, அடுக்குவது. எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அதை மட்டும் இன்னும் இரண்டாக உடைக்கலாம்.

கற்பிப்பது கடைசிப் படியிலிருந்து. மற்றதெல்லாம் பயிற்சியாளர் செய்ய, அடுக்குவது மட்டும் மகன். அது கை வந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் வேலை அவர் கையாலேயே முடிகிறது, அதனால் சலிப்பு வருவதில்லை. உதவும்போது வாயால் சொல்வதைக் குறைக்கச் சொல்லுங்கள். 'இப்ப திருப்பு, இப்ப ஒட்டு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் இல்லாத நாளில் கை நின்றுவிடும். ஐந்து விநாடி பொறுத்து, விரலால் சுட்டிக்காட்டினால் போதும். படிக்கு ஒரு கட்டம் போட்ட தாளில், உதவியில்லாமல் செய்தாரா என்று தினமும் குறிக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து சரியென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

எண்ண வராதது தடையே இல்லை. மேஜையில் ஒரு டஜனுக்கு 12 கட்டங்கள் வரைந்துவிடுங்கள். கட்டம் நிறைந்தால் கட்டு முடிந்தது. சைஸ் மாறிப்போவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. எம் சைஸ் கவருக்குள் எல் போய்விட்டால் ஷிப்மென்டே திரும்பும். ஒரு நேரத்தில் அவர் முன்னால் ஒரே சைஸ் மட்டும் இருக்கட்டும், சைஸுக்கு ஒரு நிறத்தில் கூடையும் கவர்களும் வையுங்கள். தையல் மெஷின் வரிசைக்கு அருகே இடம் வேண்டாம், ஸ்டீம் அயர்ன் டேபிளுக்கு அருகே கூடவே கூடாது.

முதல் இரண்டு வாரம் தினமும் இரண்டு மணி நேரம், அடுத்து மதியம் வரை, பிறகு ஒரு ஷிஃப்ட். திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் வழக்கமாக இருந்தாலும், அது இவருக்குக் கிடையாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். களைப்பும் நேர மாற்றமும் சேரும்போதுதான் பெரும்பாலும் கோபமும் அழுகையும் வரும்.

இப்படிச் சேர்ந்த பிள்ளைகள் வேலையை இழப்பது பெரும்பாலும் கைவேலை சரியில்லாததால் அல்ல. அடுத்தவர் டிபனை எடுத்துவிடுவது, பெண்களைக் கட்டிப்பிடிப்பது, பாத்ரூம் கதவைத் தாழிடாதது, தீபாவளி லீவுக்குப் பிறகு வர மறுப்பது - இவைதான். வீட்டில் இன்றே ஆரம்பியுங்கள்: வெளியாரிடம் வணக்கம் மட்டும், தொடுவது கிடையாது. தன்னை யாராவது தொட்டாலோ அடித்தாலோ யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு பெயர். பேக்கிங்கில் நிதானமான ஓர் அக்காவையோ அண்ணனையோ சூப்பர்வைசரே அதற்கென்று சொல்லிவைக்கட்டும். உங்கள் அண்ணன் அந்த ஆளாக இருக்க வேண்டாம். மாமா இருந்தால் மகன் அவரையே தேடிப் போவார், மற்றவர்களும் எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிடுவார்கள்.

பஸ்ஸை அதே நேரத்தில், அதே கூட்டத்தில் பழக்குங்கள். காலியான ஞாயிற்றுக்கிழமை பஸ் உதவாது. இறங்கும் இடத்துக்கு முந்தைய அடையாளத்தைப் படமெடுத்துக் காட்டுங்கள். முதலில் பக்கத்தில், பிறகு இரண்டு சீட் பின்னால், பிறகு அவருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து. ஸ்டாப்பைத் தாண்டிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி போனை அமுக்க வேண்டும் என்பதை வேண்டுமென்றே ஒருநாள் தாண்டிப் பழக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சம்பளத்தில் வெட்கப்படாதீர்கள். 'ஏதோ கைச்செலவுக்கு' என்ற பேச்சை ஏற்காதீர்கள். பயிற்சிக்காலம் எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள். அதன்பின் மற்றவர்களுக்குள்ள அதே பீஸ் ரேட், அதே இ.எஸ்.ஐ., பி.எஃப். சனிக்கிழமை சம்பளக் கவர் அவர் கையிலேயே வரட்டும், அதில் ஒரு பங்கை அவர் விரும்பியதற்குச் செலவழிக்கட்டும்.

18 தாண்டியதால் சட்டப்படி நீங்கள் தானாகவே காப்பாளர் இல்லை. வங்கியோ சொத்தோ காரணமாகத் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். வேலையில் சேர அது தேவையில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு பயிற்சியாளர் மெல்லத் தள்ளி நிற்கலாம்: வாரம் இருமுறை, பிறகு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. அதோடு நிறுத்திவிடக் கூடாது. சூப்பர்வைசர் மாறும்போதும் புது ஆர்டர் வந்து மடிப்பு மாறும்போதும் அவர் மறுபடி சில நாள் உட்கார வேண்டும். இதற்குப் பள்ளி ஆளை விடுமா என்பதை ஏப்ரல் வரை காத்திராமல் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பேசும்போது மகனும் உடன் இருக்கட்டும். கம்பெனியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அங்கே போகப் பிடித்திருக்கிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.