ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்: சாட்சியச் சட்டத்தை எழுதியவர் பற்றிச் சில கேள்விகள்

இந்திய சாட்சியச் சட்டம், 1872-ஐ வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். லண்டன் வழக்கறிஞர், பத்திரிகை எழுத்தாளர், பின்னாளில் நீதிபதி. அவரைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

மதுரை சட்டக் கல்லூரி மாணவி: சார், வகுப்பில் இவர் பெயர் மட்டும்தான் சொல்கிறார்கள். ஆள் யார், எங்கிருந்து வந்தவர்?

1829-இல் லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். அப்பா சர் ஜேம்ஸ் ஸ்டீபன் காலனி அலுவலகத்தில் பெரிய அதிகாரி. 1833-இன் அடிமை ஒழிப்புச் சட்டத்தை வரைந்தவர் அவர்தான். ஆக, சட்டம் வரைவது மகனுக்கு வீட்டுத் தொழில் மாதிரி. தம்பி லெஸ்லி ஸ்டீபனும் எழுத்தாளர், அவருடைய மகள்தான் வர்ஜீனியா வுல்ஃப். ஈட்டனில் படித்தபோது மற்ற பையன்களிடம் நிறைய அடிபட்டவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் வாதத்துக்குப் பேர்போனவர், தேர்வில் அப்படி இல்லை. 1854-இல் இன்னர் டெம்பிளில் வழக்கறிஞரானார்.

வக்கீல் தொழில் ஓடாததால்தான் எழுத வந்தார் என்கிறார்களே?

பாதி உண்மை. மிட்லண்ட் வட்டாரத்தில் வழக்குகள் மெதுவாகத்தான் வந்தன. கல்யாணம் ஆகி, குடும்பமும் பெருகியது. 'சாட்டர்டே ரிவ்யூ', 'கார்ன்ஹில்', 1865-க்குப் பிறகு 'பால் மால் கெசட்' என்று எழுதித் தள்ளினார். ஆனால் பணத்துக்காக மட்டும் எழுதியவர் 1863-இல் 'இங்கிலாந்தின் குற்றவியல் சட்டம்: ஒரு பொதுப் பார்வை' போன்ற புத்தகத்தைப் போட்டிருக்க மாட்டார். தீர்ப்புகளாகச் சிதறிக் கிடந்த சட்டத்தைச் சாதாரணப் படிப்பாளிக்குப் புரியும்படி சுருக்கிச் சொல்ல முடியுமா என்று அதில் முயன்று பார்த்தார். அந்த ஒரு திறமைதான் கடைசிவரை அவருடைய மூலதனம்.

இந்தியாவில் இருந்தது எத்தனை நாள்? அதற்குள் இவ்வளவு சட்டமா?

1869 டிசம்பர் முதல் 1872 ஏப்ரல் வரை. இரண்டரை வருடம்கூட நிறையவில்லை. வைஸ்ராய் சபையில் ஹென்றி மெய்ன் வகித்த சட்ட உறுப்பினர் பதவிக்கு வந்தார். சாட்சியச் சட்டம் (1872-இன் 1-ஆம் சட்டம்), ஒப்பந்தச் சட்டம் (9-ஆம் சட்டம்), புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (10-ஆம் சட்டம்) எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. எல்லாமே அவர் தனியாக எழுதியவை அல்ல. ஒப்பந்தச் சட்டத்துக்கு லண்டன் ஆணையத்தின் வரைவு முன்பே இருந்தது, அதைத் திருத்தினார். சாட்சியச் சட்டத்துக்கும் ஒரு வரைவு இருந்தது. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவருக்குத்தான் அது புரியும் என்று ஒதுக்கிவிட்டு, 167 பிரிவுகளைப் புதிதாக எழுதினார். 1872 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

மாவட்டத்தில் புத்தக அலமாரி இல்லாமல் வழக்கு விசாரிக்கும் அதிகாரியை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. பிரிவுக்குக் கீழே (அ), (ஆ) என்று வரும் எடுத்துக்காட்டுகள் அதற்காகத்தான். அந்த உத்தி இந்திய தண்டனைச் சட்டத்தை முதலில் வரைந்த மெக்காலேயிடமிருந்து வந்தது.

பிரிவு 25, 26, 27 எனக்கு எப்போதும் குழப்பம் அண்ணா. போலீஸிடம் சொன்னது செல்லாது என்கிறது, அடுத்த மூச்சில் செல்லும் என்கிறது.

குழப்பம் நியாயமானதுதான். இந்த மூன்றும் ஸ்டீபன் கண்டுபிடித்தவை அல்ல. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து தூக்கி இங்கே வைத்தார், தையல் தெரிகிறது.

25: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 26: போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் அப்படித்தான், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சொன்னால் ஒழிய. 27 விதிவிலக்கு: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் உள்ளே வரும்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் வழக்குகள் விழுகின்றன. புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் சொன்ன உதாரணம் இன்னும் போதும். "என் வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது ஏற்கப்படும். "அதால்தான் இன்னாரைக் குத்தினேன்" என்று சேர்த்துச் சொன்னால் அந்த வால் வெட்டப்படும். கண்டுபிடிக்கப்பட்டது கத்தி மட்டும் அல்ல, கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதுதான். குத்தியதை வேறு சாட்சியம் வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கே கெடுகிறது? வாக்குமூலத்தில் அவர் சொன்ன சொற்களை எழுதாமல் "குற்றத்தை ஒப்புக்கொண்டு அடையாளம் காட்டினார்" என்று எழுதிவிடுவார்கள். பொருள் எல்லோரும் நடமாடும் திறந்த இடத்தில் கிடக்கும். இடம் போலீஸுக்கு முன்பே தெரிந்திருக்கும், அப்போது அது கண்டுபிடிப்பே இல்லை. பொருளைக் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்திட்ட சாட்சி கூண்டில் ஏறி, "ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்பார். இதில் ஒன்று இருந்தாலே மீட்புச் சாட்சியம் ஆட்டம் காணும்.

25 ஏன் தேவைப்பட்டது என்பதை ஸ்டீபனே பின்னாளில் ஒரு அடிக்குறிப்பில் பதிந்திருக்கிறார். இந்தியாவில் பணியாற்றிய அனுபவமுள்ள ஓர் அதிகாரி சொன்னது: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் சுகமாக உட்கார்ந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பது எளிது.

இப்போதுதான் புதுச் சட்டம் வந்துவிட்டதே. இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம், 170 பிரிவுகள். பழைய 25, 26, 27 சேர்ந்து புதிய 23 ஆகியிருக்கிறது, 27 அதில் ஒரு காப்புரையாக (விதிவிலக்கு வாசகமாக) உட்கார்ந்திருக்கிறது. மரண வாக்குமூலத்தின் பழைய 32 இப்போது 26. அனுமானங்களின் 114 இப்போது 119. மின்னணுப் பதிவுகள் தவிர்த்து எலும்புக்கூடு ஸ்டீபனுடையதுதான். பழைய தீர்ப்புகளைப் படிக்கும்போது எண்ணை மாற்றிப் பார்க்க ஓர் ஒப்பீட்டு அட்டவணை பக்கத்தில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சட்டத்தரணி: எங்கட சாட்சியக் கட்டளைச் சட்டமும் இவர்ட கைவேலையோ?

ஓம், நேரடி வாரிசு. 1895-இன் 14-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியச் சட்டத்தைத் தழுவியது, 25, 26, 27 என்ற எண்கள்கூட உங்களிடம் அப்படியே இருக்கின்றன. ஆனால் 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு 25-இன் அடித்தளத்தையே பெயர்த்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். எது நடக்கக் கூடாதென்று 25 எழுதப்பட்டதோ, அதற்கு வாசலைத் திறந்துவிட்ட பிரிவு என்பதே என் கருத்து. மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டமும் இதே குடும்பம்.

தேசத் துரோகப் பிரிவு 124அ இவர் கொண்டுவந்ததா? அப்படியானால் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியது இவர் கைதானே?

மெக்காலேயின் 1837 வரைவில் அது 113-ஆம் பிரிவாக இருந்தது. 1860-இல் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது விடுபட்டுப்போனது. 1870-இல் ஸ்டீபன் அதைத் திருத்தச் சட்டம் வழியாகச் சேர்த்தார். 1897-இல் திலகர் மீதும், 1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா மீதும் பாய்ந்தது அந்தப் பிரிவுதான். "அதிருப்தி" என்றால் என்ன என்று இறுக்கமாக வரையறுக்காமல் விட்டதுதான் கோளாறு. சாட்சியச் சட்டத்தில் ஒவ்வொரு சொல்லையும் கட்டிப்போட்டவர் இங்கே கயிற்றைத் தளர விட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம்?

1871, அவர் சட்ட உறுப்பினராக இருந்தபோது, அவர் ஆதரவோடு. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. அறிவிப்பே முடிவான சான்று. மறு வருடமே சாட்சியச் சட்டத்தில் எதை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று அதே ஆள் பாடம் நடத்தினார்! சென்னை மாகாணத்துக்கு அது 1911 சட்டம் வழியாகத்தான் வந்தது. 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு அதன் கீழ் நடந்த கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் மீது.

தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லோடு என்ன சண்டை?

ஊர் திரும்பும் கப்பலில் எழுத ஆரம்பித்த கட்டுரைகள் 1873-இல் 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற புத்தகமாயின. பிறருக்குத் தீங்கு செய்யாதவரை யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்றார் மில். சமூகம் கட்டுப்பாட்டில்தான் நிற்கிறது என்றார் ஸ்டீபன். அதே வருடம் டண்டீயில் தேர்தலில் நின்று தோற்றார்.

நீதிபதியாக எப்படி?

1879-இல் நீதிபதியானார். நல்லதை முதலில் சொல்கிறேன். 1884-இல் வேல்ஸில் டாக்டர் வில்லியம் பிரைஸ் என்ற முதியவர் இறந்த தன் கைக்குழந்தையை மலைமேல் எரித்தார். பிணத்தை எரிப்பது குற்றமா? பொதுத் தொல்லையாகவோ, மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கத்திலோ செய்யாதவரை குற்றமில்லை என்றார் ஸ்டீபன். பிரிட்டனில் தகனம் சட்டப்படி நிலைபெற அதுதான் தொடக்கம். மறு வருடம் வோக்கிங்கில் முதல் தகனம் நடந்தது.

கெட்டது 1889, லிவர்பூல். கணவருக்கு ஆர்சனிக் கொடுத்ததாக ஃபுளோரன்ஸ் மேபிரிக் மீது வழக்கு. உடலில் கிடைத்த ஆர்சனிக் அரை கிரெயின்கூட இல்லை, கணவரோ அதைத் தானே மருந்தாகத் தின்னும் பழக்கமுள்ளவர். அந்த அம்மாவுக்கு வேறொரு ஆணோடு இருந்த உறவைப் பிடித்துக்கொண்டு ஸ்டீபன் ஜூரிக்கு இரண்டு நாள் தொகுத்துரைத்தார். ஜூரி ஒரு மணி நேரம்கூட எடுக்காமல் குற்றவாளி என்றது. தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1904-இல்தான் விடுதலை. ஸ்டீபனுக்கு 1885-இலேயே பக்கவாதம் வந்திருந்தது. 1891-இல் பதவி விலகினார், 1894-இல் இறந்தார்.

ஒரே ஒரு புத்தகம் படிப்பதானால்?

1883-இல் வந்த 'இங்கிலாந்தின் குற்றவியல் சட்ட வரலாறு', மூன்று தொகுதி. முதல் பக்கத்தில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவீர்கள். மூன்றாம் தொகுதியின் கடைசியில் உள்ள வழக்குகளிலிருந்து தொடங்குங்கள். 1856-இன் பாமர் நஞ்சூட்டல் வழக்கும், பிரான்சின் கலாஸ் வழக்கும் அங்கே இருக்கின்றன. பிறகு அதே தொகுதியில் இந்தியக் குற்றவியல் சட்டம் பற்றிய அத்தியாயம். தேர்வுக்கு என்றால் அதுவும் வேண்டாம், 1872-இல் சாட்சியச் சட்டத்துக்கு அவர் எழுதிய முன்னுரை போதும். ஐந்து கொலை வழக்குகளை எடுத்து, எந்த உண்மை எதற்குத் தொடர்புடையது என்று பிரித்துக் காட்டுகிறார். பாமர் அதிலும் உண்டு.