பைட்டோபிளாங்க்டன் பெயரில் கார்பன் கிரெடிட்: பணம் கட்டலாமா?

கேள்வி: கடல் சூடாவதால், நீரில் மிதந்து ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களான பைட்டோபிளாங்க்டன் அழிந்துவருகிறது, சீக்கிரமே மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது என்கிறார்கள். கடலில் இரும்பைத் தூவி அவற்றை மீண்டும் வளர்க்கும் திட்டம் ஒன்றின் கார்பன் கிரெடிட்டுகளை, அதாவது காற்றிலிருந்து இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு நீக்கப்பட்டது என்று விற்கப்படும் சான்றுகளை, வாங்கும்படி ஒரு முகவர் வற்புறுத்துகிறார். ‘தூவும் முன்’, ‘தூவிய பின்’ என இரண்டு செயற்கைக்கோள் படங்களும் காட்டினார். என் சிறு நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து இதில் பணம் போடலாமா?

பதில்: போட வேண்டாம். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள்.

முதலில் ஆக்சிஜன் பயத்தை விட்டுவிடுங்கள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி பைட்டோபிளாங்க்டனால் நடப்பது உண்மைதான். ஆனால் அவை வெளியிடும் ஆக்சிஜனைக் கடல் உயிர்களும், செத்ததை மட்கவைக்கும் பாக்டீரியாக்களும் ஏறத்தாழ முழுவதுமாகச் செலவழித்துவிடுகின்றன. காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த கையிருப்பு. அது நம் காலத்தில் தீராது. குறைவது கடல்நீருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன்: 1960க்குப் பிறகு சுமார் 2 சதவீதம் போய்விட்டது. மீன்களுக்கு அது பெரிய கேடு. முகவர் உங்களிடம் விற்கும் பயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடல் சூடாவதால் பைட்டோபிளாங்க்டனுக்கு என்ன ஆகிறது? சூடான நீர் இலேசானது. எண்ணெய்போல் மேலேயே நிற்கும். அடியில் உள்ள குளிர்ந்த நீரில்தான் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் உள்ளன. இரண்டும் கலப்பது குறைந்தால் மேலே வெளிச்சம் இருக்கும், உரம் இருக்காது. 1970 முதல் 2018 வரை, மேல் 200 மீட்டரில் இந்த அடுக்குப் பிரிவு ஏறத்தாழ 5 சதவீதம் வலுத்திருக்கிறது. வெப்பக் கடல்களில் இதனால் சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம்கள் என்னும் பெரிய வகைகள் பின்வாங்கி, ஒரு மைக்ரானுக்கும் சிறிய புரோகுளோரோகாக்கஸ் போன்றவை மேலோங்குகின்றன. சிறியவை எளிதில் மூழ்குவதில்லை என்பதால் ஆழத்துக்குப் போகும் கார்பனும் குறைகிறது. ஆர்க்டிக்கில் நிலைமை நேர்மாறு. பனி விலகி வெளிச்சம் புகுந்தது ஒரு காரணமாக, 1998 முதல் 2018க்குள் அங்கே பைட்டோபிளாங்க்டன் உற்பத்தி 57 சதவீதம் கூடியது. ‘உலகம் முழுவதும் அழிகிறது’ என்று ஒரே வரியில் சொல்பவர் ஒன்று படிக்காதவர், அல்லது விற்க வந்தவர்.

அந்த இரண்டு படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் அதிகம் பேர் ஏமாறும் இடம் அதுதான்.

செயற்கைக்கோள் உயிர்களை எண்ணுவதில்லை. கடலின் நிறத்தை அளந்து, அதிலிருந்து பச்சையத்தின் அளவைக் கணக்கிடுகிறது. பச்சையம் வேறு, உயிர்த்திரள் வேறு. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு செல்லும் கூடுதலாகப் பச்சையம் செய்துகொள்ளும். வெளிச்சம் மிகுந்தால் குறைத்துக்கொள்ளும். ஒரு செல்கூடப் புதிதாகப் பிறக்காமல் படம் பச்சையாகலாம், ஒன்றுகூடச் சாகாமல் நீலமாகலாம். செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேல்மட்டம் மட்டுமே. வெப்பக் கடல்களின் நடுவே பச்சையம் மிகுந்த அடுக்கு பெரும்பாலும் 100 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் இருக்கும். அது படத்தில் வராது. மேகம் மூடிய நாள்களிலும் எதுவும் தெரியாது. கரையோரத்தில் ஆற்று வண்டலும் பச்சையமாகக் கணக்கில் ஏறிவிடும். போதாக்குறைக்கு, பசிபிக் இயற்கையாகவே சூடாகும் எல் நினோ ஆண்டு ஒன்றையும், குளிரும் லா நினா ஆண்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பசிபிக்கின் நடுப்பகுதியில் எவர் வேண்டுமானாலும் ‘அதிசயம்’ காட்டலாம். 1997-98ல் இயற்கையே அப்படிக் காட்டியது. இயற்கையான ஏற்ற இறக்கத்திலிருந்து காலநிலையின் போக்கைப் பிரித்தறிய சுமார் 40 ஆண்டுத் தரவு தேவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இரண்டு படம் எந்தக் கணக்கிலும் சேராது.

இனி இரும்பு. தென்பெருங்கடல் போன்ற சில பகுதிகளில் நைட்ரேட் மிச்சம் கிடந்தும் இரும்பு இல்லாததால் வளர்ச்சி தடைபடுகிறது. அங்கே இரும்பு சேர்த்தால் பைட்டோபிளாங்க்டன் பெருகும் என்பதை 1993 முதல் நடந்த சோதனைகள் ஐயமின்றிக் காட்டின. பெருகுவது எளிது, கார்பன் ஆழத்தில் தங்குவதுதான் கடினம். ஒரு கணக்குப் போடுவோம். பெருக்கம் 1,000 டன் கார்பனை உறிஞ்சியதாக வையுங்கள். அதில் 100 மீட்டருக்குக் கீழே இறங்குவது 20 சதவீதம் என்று தாராளமாகவே கொள்வோம்: 200 டன். இறங்கும் வழியில் பாக்டீரியாக்கள் தின்று, 1,000 மீட்டரைத் தொடுவது அதில் வழக்கமாக 14 சதவீதம் அளவே: 28 டன். கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67ஆல் பெருக்கினால் 103 டன். விற்பனைத் தாளில் இருப்பது எது? முதல் எண்ணை அப்படியே 3.67ஆல் பெருக்கிய 3,670 டன். 36 மடங்கு வித்தியாசம்! கார்பனையும் கார்பன் டை ஆக்சைடையும் மாற்றி மாற்றி எழுதி வாங்குபவரைக் குழப்புவதும் வாடிக்கை. அலகைக் கேளுங்கள்.

நீரில் குறைந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்று ஈடுகட்ட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த நீர் கீழே போய்விட்டால் காற்றிலிருந்து எதுவும் குறையவில்லை. இங்கே செலவான நைட்ரேட் நீரோட்டம் போகும் வேறிடத்தில் கிடைக்காது. அங்கே குறையும் வளர்ச்சியை எந்தத் தாளும் கழிப்பதில்லை.

நீங்கள் இப்படி மறுத்தால் முகவர் 2004ஆம் ஆண்டில் நடந்த ஐஃபெக்ஸ் என்ற இரும்பிடும் சோதனையை எடுத்துப்போடுவார். அதில் பெருக்கத்தின் பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியது மெய்தான். ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். தென்பெருங்கடலில், தனக்குள்ளேயே சுழலும் ஒரு நீர்ச்சுழியில் அது நடந்தது. இரும்பிட்ட திட்டு கலைந்து பரவவில்லை. நீரில் சிலிக்கா தாராளமாக இருந்தது, ஆகவே ஓடு உள்ள டயட்டம்கள் வளர்ந்தன. அவை செத்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, தின்பதற்கு ஆளில்லாத வேகத்தில் மூழ்கின. அதை அறிய ஆய்வுக் கப்பல் 37 நாள் அங்கேயே காத்திருந்தது. அதே தென்பெருங்கடலில் 2009ல் இந்திய, ஜெர்மன் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய லோஹாஃபெக்ஸில் இரும்பு இட்டும், சிலிக்கா குறைவு என்பதால் டயட்டம்கள் வளரவில்லை. வளர்ந்த சிறு உயிர்களைக் கோப்பிபாட்கள் என்னும் நுண் ஓட்டுமீன்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போனது மிகச் சொற்பம். ஆகவே ஐஃபெக்ஸைக் காட்டினால் நான்கு கேள்வி கேளுங்கள்: மூடிய சுழியா? சிலிக்கா எவ்வளவு? எந்த இனம் வளர்ந்தது? கப்பல் எத்தனை நாள் நின்றது? நான்குக்கும் அளவீட்டோடு பதில் வராவிட்டால் அந்தச் சோதனைக்கும் இவர் சரக்குக்கும் சம்பந்தமில்லை.

இரும்பின் வடிவத்தையும் கேளுங்கள். ஆய்வாளர்கள் ஃபெரஸ் சல்பேட்டை அமிலம் சேர்த்த கடல்நீரில் கரைத்துக் கப்பலின் பின்னால் விடுவார்கள். வெறும் இரும்புத்தூள் மூழ்கிவிடும். கரைத்து விட்டதும் சில நாளில் துருவாகிப் படியும் என்பதால் மறுபடி இட வேண்டிவரும். திட்டு எங்கே நகர்கிறது என்றறிய சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு போன்ற தடங்காட்டி வாயு கலப்பது வழக்கம். கார்பன் ஆழத்துக்கு இறங்குவதை, மூழ்கும் துகள்களோடு ஒட்டி இறங்கும் கதிரியக்கத் தோரியம்-234இன் அளவீடு அல்லது விழும் துகள்களைப் பிடிக்கும் வண்டல் பொறி கொண்டு காட்ட வேண்டும். இரும்பு சேர்க்காத பக்கத்து நீரின் அளவுகளும் ஒப்பிட இருக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கை வெறும் விளம்பரத் தாள்.

‘சான்றிதழ் இருக்கிறதே’ என்பார். சட்டக் கட்டாயமின்றித் தாமாகக் கிரெடிட் வாங்குவோருக்கான தன்னார்வச் சந்தையில் சரிபார்ப்பவருக்குக் கூலி கொடுப்பது விற்பவரே. இந்த ஏற்பாட்டை இத்தனை ஆண்டு சகித்திருப்பது வெட்கக்கேடு. சட்டத்தின் கதையும் அதேதான். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் உடன்பாட்டின் நாடுகள் 2008ல், முறையான அறிவியல் ஆய்வைத் தவிர வேறு காரணத்துக்குக் கடலுக்கு உரமிட அனுமதிக்கக் கூடாது என்று தீர்மானித்தன. 2012ல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் கொட்டப்பட்டு உலகமே அதிர்ந்தது. 2013ல் கட்டுப்படுத்தும் திருத்தமும் எழுதினார்கள். போதுமான நாடுகள் ஏற்காததால், பத்தாண்டு கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் முகவர் கடை விரித்திருக்கிறார்.

அவரிடம் எழுத்தில் மூன்று தாள் கேளுங்கள்: எந்த நாட்டின் எந்த அமைப்பு எந்த ஆய்வு அனுமதியைக் கொடுத்தது என்பதற்கான ஆவணம்; 1,000 மீட்டருக்குக் கீழே போன கார்பனின் அளவீடு; அதே கிரெடிட் வேறு எவருக்கும் விற்கப்படவில்லை என்பதற்கான பதிவேட்டு எண். தொலைபேசியில் சொல்லும் விளக்கத்தை ஏற்காதீர்கள். முறையான ஆய்வு அனுமதியே இருந்தாலும், ஆய்வை விற்பனைக்கான சரக்காக்க அது உரிமை தராது. கட்டிய முன்பணத்துக்கான ரசீது, ஒப்பந்தம், அந்த இரண்டு படங்கள் எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்தி, பணத்தைத் திரும்பக் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள்.