ஜிஹெச் (அரசு ஆஸ்பத்திரி), பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) வேலை ஒழுங்கா நடக்குதான்னு எப்படி அளக்குறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, எங்க ஊர் பிஹெச்சில ஓபி (வெளிநோயாளி வரவு) போன வருஷத்தவிட குறைஞ்சிருக்கு. வேலை குறைஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. சுகர், பிரஷர் மாத்திரைய பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா குடுத்துட்டு இருந்தவங்க மாசத்துக்கும் சேத்துக் குடுத்தா அதே ஆளு பாதி தடவதான் வருவாரு, ஓபி சீட்டும் பாதியாயிடும், ஆனா வைத்தியத்துல என்ன குறைஞ்சுது? 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தப்புறம் நெறைய பேருக்கு மாத்திரை வீட்டுக்கே போகுது. சீட்ட மட்டும் எண்ணுனா நல்லா வேலை பாக்கற பிஹெச்சிதான் தூங்கி வழியற மாதிரி தெரியும். அந்த ஏரியால சுகர் இருக்கறவங்கள்ல எத்தன பேருக்கு கண்ட்ரோல்ல இருக்குன்னு கேளுங்க.

கேள்வி: ப்ரொடக்டிவிட்டி, எஃபிஷியன்ஸி ரெண்டும் ஒண்ணா சார்?

பதில்: போட்ட ஆளு, பணத்துக்கு எவ்ளோ வந்துச்சுங்கறது மொதல்லது. அதே வசதி இருக்கற இன்னொரு நல்ல ஆஸ்பத்திரியோட வச்சுப் பாத்தா நாம எங்க நிக்கறோம்ங்கறது ரெண்டாவது. அதனால தாலுகா ஆஸ்பத்திரிய தாலுகா ஆஸ்பத்திரியோட மட்டும் ஒப்பிடுங்க.

கேள்வி: பெட் 90% ஃபுல்லுன்னு சொல்றாங்க, பெருமைப்படலாமா?

பதில்: கூடவே இன்னொரு நம்பரயும் கேக்கணும். 100 பெட், 30 நாள்னா மொத்தம் 3000 பெட்-நாள். அதுல 2700 நெறைஞ்சா 90%. டிஸ்சார்ஜ் ஆனவங்க 450 பேருன்னா ஆளுக்கு சராசரி 6 நாள். பக்கத்து ஆஸ்பத்திரியிலயும் அதே 90%தான், ஆனா 300 பேருதான் டிஸ்சார்ஜ்னா ஆளுக்கு 9 நாள் ஆகுது. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் காத்துக்கிட்டு சும்மா படுத்திருக்காங்களா, இல்ல நெஜமாவே கஷ்டமான கேஸாங்கறத கேஸ் ஷீட்ட பொரட்டினாதான் தெரியும். சில வார்டுல 100%க்கு மேலயும் போகும், ஏன்னா பெட் கணக்குல இல்லாத பாயிலயும் ஆளு இருக்கு! அத திறமைன்னு எழுதுனா எனக்கு கோவம்தான் வரும். 6 நாள 4 ஆக்கிட்டோம்னு சொன்னாலும், அதுல எத்தன பேரு ஒரு மாசத்துக்குள்ள திரும்ப அட்மிட் ஆனாங்கன்னு கேளுங்க.

கேள்வி: மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில சாவு ஜாஸ்தியா இருக்கே?

பதில்: சுத்துவட்டார ஆஸ்பத்திரி எல்லாம் முடியாதுன்னு ரெஃபர் பண்ற கேஸ் அங்கதான் போய் சேருது. வயசு, நோயோட தீவிரம், எந்த நிலைமையில வந்தாங்கன்னு பாத்து சரிபண்ணாம சாவு கணக்க ஒப்பிட்டா அனுப்பிவிட்டவனுக்கு நல்ல பேரு, ஏத்துக்கிட்டவனுக்கு கெட்ட பேரு.

கேள்வி: அரசு வைத்தியத்துக்கு பில்லே கிடையாதே, உற்பத்திய எத வச்சு கணக்கு போடுறது?

பதில்: நல்ல கேள்வி. பிரிட்டன்லயே ரொம்ப காலம் செலவழிச்ச காசையே உற்பத்தின்னு எழுதிட்டு இருந்தாங்க. அப்படி எழுதுனா போட்டதும் வந்ததும் ஒரே நம்பர், ப்ரொடக்டிவிட்டி என்னைக்கும் ஏறவும் ஏறாது எறங்கவும் எறங்காது பாருங்க. அரசு வேலையோட உற்பத்திய எப்படி அளக்கணும்னு பொருளாதார அறிஞர் அட்கின்சன் 2005ல குடுத்த அறிக்கை இத பிரிச்சு மேஞ்சுது. ஒவ்வொரு சிகிச்சையயும் எண்ணி, அதுக்கு ஆகற செலவ வச்சு எடை போட்டு கூட்டணும், தரத்தயும் சேக்கணும்னு சொன்னாங்க. காய்ச்சலுக்கு ஒரு ஓபியும் இடுப்பு ஆபரேஷனும் ஒரே ‘ஒண்ணு’ ஆகாதில்ல.

கேள்வி: மருந்து சப்ளைய எப்படி பாக்கணும் மேடம்? (மன்னிக்கணும், சாரா மேடமான்னு தெரியல)

பதில்: மேடம்தான், பரவால்ல 😄 அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தர்ற டிஎன்எம்எஸ்சி (தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம்) 1994ல ஆரம்பிச்சது. மொத்தமா வாங்கி மாவட்ட குடோன் வழியா அனுப்புறாங்க, ஆஸ்பத்திரிக்கு பாஸ்புக் உண்டு, அதுல இருக்கற தொகைக்குள்ள எடுத்துக்கணும். விலை குறைவா வாங்குனது பாதி கதைதான். மாசத்துல எத்தன நாளு எந்த மாத்திரை இல்லாம இருந்துச்சு, எவ்ளோ எக்ஸ்பயரி ஆச்சு, இந்த ரெண்டையும் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்துடலாம், ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டும் கேக்கலாம்.