உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லை, கார்டை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸ் இருந்தவரை வைஃபை ஒழுங்காக எடுத்தது, உபுண்டு போட்டதும்தான் நின்றது என்கிறீர்கள். அப்படியானால் கார்டு போயிருக்க வாய்ப்பு குறைவு.

குளச்சலில் இருக்கும் என் சித்தி மகனுக்கும் இதேதான் நடந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினான். "கடக்கரை வீடுல்லா, உப்புக்காத்து அடிச்சு கார்டு போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். உப்புக்காற்று போர்டை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் அவன் லேப்டாப்பை அங்கே யாரும் சோதித்தே பார்க்கவில்லை.

டெர்மினலில், அதாவது உபுண்டுவில் கட்டளை அடிக்கும் ஜன்னலில், எல்எஸ்பிசிஐ (lspci) என்று கொடுத்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் இரண்டு 'என்'னும் சேர்த்து அடியுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் வைஃபை கார்டின் பெயர் வந்தால் கார்டு பதில் சொல்கிறது, குறை பெரும்பாலும் டிரைவரில்தான், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில்தான். வரியே வராவிட்டால் பின்மூடியைக் கழற்றி கார்டை ஒருமுறை எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

லேப்டாப் மாடலை வைத்துத் தீர்வு தேடாதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு கார்டுகள் வரும். அந்த வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 8086 என்று தொடங்கினால் இன்டெல், அநேகமாகத் தானாகவே வேலை செய்யும். 14இ4 (14e4) என்றால் பிராட்காம் கம்பெனி கார்டு. தலைவலி அங்கேதான். என் சித்தி மகனுடையது பிராட்காம் 43142. அதன் டிரைவர் முழுக்கத் திறந்த மூலம் (யாரும் பார்த்து மாற்றக்கூடிய நிரல்) இல்லை என்பதால் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

நெட் வருவதற்கான டிரைவரை இறக்கவே நெட் வேண்டும், அதுதான் கூத்து. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டைக் கேபிள் வழியாகக் கொடுப்பது) போடுங்கள். உபுண்டு அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே கேபிள் வழியாக வந்துவிடும், டேட்டா பேக் தீராது. அப்புறம் உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' (அடிஷனல் டிரைவர்ஸ்) திறந்து, பிராட்காம் என்று காட்டுவதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்கடுத்த இடத்தில். செக்யூர் பூட், அதாவது அங்கீகாரமில்லாத மென்பொருளை லேப்டாப் தொடங்கும்போது தடுக்கும் பாதுகாப்பு, இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை வரும். சுமார் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும். பிறகு டிரைவர் நிறுவியிருந்தும் லோட் ஆகாது, ஏன் என்றும் புரியாது. அதனால் பக்கத்திலேயே இருந்து, 'என்ரோல் மோக்' (இந்த டிரைவரின் சாவியை ஏற்கச் சொல்வது) தேர்வு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். இது ஒத்துவராவிட்டால் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம், வீட்டு லேப்டாப்புக்கு அது பெரிய பாவமில்லை.

43142 கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டுமே எடுக்கும். டிரைவர் சரியான பிறகும் உங்கள் வீட்டு நெட் பட்டியலில் இல்லையென்றால், ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்குகிறதா என்று பார்த்து 2.4-ஐயும் போட்டுவிடுங்கள்.