100 கே.வி.யா, 120 கே.வி.யா: சி.டி. ஸ்கேனில் எது நல்லது?

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் ஒரே மையத்தில் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம், இருவருக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் உறுப்புகளைப் பளிச்சென்று காட்டும் மருந்து) போட்டார்கள். படத்தின் ஓரத்தில் என்னுடையதில் 100 கே.வி. என்றும், அவருடையதில் 120 கே.வி. என்றும் இருக்கிறது. அண்ணன் நல்ல பருமன், நான் ஒல்லி. எனக்குச் சக்தி குறைத்து எடுத்ததால் படம் தெளிவில்லாமல் போயிருக்குமா? மறுபடி எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் உடல்வாகுக்கு 100 கே.வி. பொருத்தமான தேர்வு. அந்த எண் படத்தின் தரத்துக்குப் போடும் மதிப்பெண் இல்லை.

கே.வி. (கிலோவோல்ட்) என்பது எக்ஸ்-ரே குழாயில் கொடுக்கும் மின்னழுத்தம். 120 வைத்தால் எல்லாக் கதிர்களும் ஒரே ஆற்றலில் வராது. 120 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) உச்ச வரம்பு, சராசரி அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள அயோடின், 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே உள்ள கதிர்களை மிக அதிகமாக உறிஞ்சும். கே.வி.யைக் குறைத்தால் சராசரி ஆற்றல் அந்த இடத்தை நோக்கி இறங்கும். அதனால் உங்கள் ரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் 120-ஐவிட 100-இல்தான் பளிச்சென்று தெரியும். கதிர்வீச்சும் மிச்சம்: குழாய் மின்னோட்டத்தை மாற்றாமல் 120-லிருந்து 100-க்கு வந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அப்படியென்றால் அண்ணனுக்கும் 100 வைத்திருக்கலாமே என்று தோன்றும். பருமனான உடலில் ஆற்றல் குறைந்த கதிர்கள் பாதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மறுபக்கம் கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டருக்குப் போதுமான கதிர் வந்து சேராது, படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதைச் சரிக்கட்ட மின்னோட்டத்தை ஏற்ற வேண்டும். மிச்சம் பிடித்த கதிர்வீச்சு அதிலேயே போய்விடும். இடுப்பில் உலோக மூட்டு வைத்தவர்களுக்கு 140 வரைகூடப் போவோம். உலோகத்தைச் சுற்றி விழும் கறுப்புக் கோடுகள் அப்போது குறையும், முழுக்கப் போகாது.

குறைந்த ஆற்றல், கூடுதல் ஆற்றல் இரண்டிலும் சேர்த்து எடுக்கும் முறையும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அது. கால்சியம் கல் குறைந்த ஆற்றலில் கூடுதல் வெண்மையாகத் தெரியும். யூரிக் அமிலக் கல்லில் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால் பலருக்கு மருந்திலேயே கரைக்கப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை ஸ்கேன் எடுக்கப் போனால் இந்த ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். வேறு கே.வி.யில் எடுத்தால், கான்ட்ராஸ்ட் ஏறிய இடத்தின் அடர்த்தி எண் (அந்த இடம் எவ்வளவு வெண்மை என்பதற்கான அளவு) உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே மாறும். பழைய படம் பக்கத்தில் இருந்தால் ரேடியாலஜிஸ்ட் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.