மீன் வாடையும் புளியும்: அமீன்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், மீன் கழுவிய கையில் சோப்பு போட்டாலும் வாடை போவதில்லை. புளி தேய்த்தால் போய்விடுகிறது. ஏன்?

பதில்: அமீன்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாதும்மா. அமீன் என்றால் கார்பன் ஒட்டிய நைட்ரஜன் உள்ள, அம்மோனியாவின் உறவுக்காரச் சேர்மம். கடல் மீனின் சதையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற வாடையில்லாத பொருள் இருக்கிறது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துவிடும். மிஞ்சுவது டிரைமெத்திலமீன். அதன் கொதிநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ்தான், அதனால் சட்டென்று ஆவியாகி மூக்கில் ஏறுகிறது.

அமீனின் நைட்ரஜனில் எதனோடும் பிணையாத ஒரு ஜோடி எலக்ட்ரான் உண்டு. புளியின் டார்டாரிக் அமிலம் தரும் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, அந்த ஜோடி பிடித்துக்கொள்ளும். அமீன் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, தண்ணீரோடு போய்விடும். சோப்பு பெரும்பாலும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. இன்னொரு காரமான அமீனை அது உப்பாக்காது. மீன் குழம்புக்குப் புளி ஊற்றும்போதும் இதுதான் நடக்கிறது.

கேள்வி: அலர்ஜி மாத்திரை அட்டையில் ‘செட்டிரிசின் ஹைட்ரோகுளோரைடு’ என்று இருக்கிறதே, அதுவும் இதுதானா?

பதில்: அதேதான். செட்டிரிசினில் அமீன் நைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால் தண்ணீரில் நன்றாகக் கரையும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன் சார். டெர்ட்-பியூட்டைல் அமீனை மூவிணையம் என்று எழுதினேன், தப்பு என்றார்கள்.

பதில்: தப்புதான் தம்பி, ஆனால் நிறைய பேர் செய்யும் தப்பு. ஆல்கஹாலில் OH ஒட்டியிருக்கும் கார்பனைப் பார்ப்போம். அமீனில் நைட்ரஜனைப் பார்க்க வேண்டும். இங்கே நைட்ரஜனில் ஒட்டியிருப்பது ஒரே கார்பன், ஆகவே ஓரிணையம். மூன்று கார்பன் ஒட்டியிருந்தால்தான் மூவிணையம்.

கேள்வி: அனிலீன் ஏன் இவ்வளவு வலுக்குறைந்த காரம்?

பதில்: அனிலீன் என்பது பென்சீன் வளையத்தில் நைட்ரஜன் ஒட்டிய அமீன். நைட்ரஜனின் அந்த எலக்ட்ரான் ஜோடி வளையத்துக்குள்ளும் பரவிவிடுகிறது; புரோட்டானைப் பிடிக்க முழுதாகக் கிடைப்பதில்லை. மெத்திலமீனோடு ஒப்பிட்டால் சுமார் பத்து லட்சம் மடங்கு வலுக்குறைவு. அப்புறம் ஒன்று: 1826-இல் இதை முதலில் பிரித்தெடுத்தது அவுரிச் சாயத்திலிருந்துதான். ‘அனிலீன்’ என்ற பெயருக்குள் ‘நீலம்’ என்ற சொல்லே ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கேள்வி: வெயிலில் கிடந்த சூரை மீனைப் புளி விட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்ற அமீனாக மாற்றிவிடும். கொதித்தாலும் அது அழியாது. வாடையே இல்லாமலும் இருக்கும், அதனால் மூக்கை நம்ப முடியாது. முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு எல்லாம் வரும். மீனை வாங்கிய கையோடு ஐஸில் போடுங்கள்.